மயில்துத்தம் என்று தேடினால் என்ன வருகிறது?

“மயில்துத்தம்னு அடிச்சா நாட்டு வைத்தியம் வருது சார். காப்பர் சல்பேட்னு அடிச்சா விலை போட்டு வாங்கச் சொல்லுது. போர்டோ கலவைன்னு அடிச்சா வரிசையா வீடியோ. ஒருத்தர் நீலத் தண்ணியைச் சுண்ணாம்புல ஊத்துறாரு, இன்னொருத்தர் சுண்ணாம்பை நீலத் தண்ணியில ஊத்துறாரு. நான் யாரு சொல்றதைக் கேக்கறது?”

வில்லியனூர் பக்கம் தென்னை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நம் கேள்வி-பதில் பகுதிக்குப் போன் செய்து இப்படிக் கேட்டார். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழை, அவர் தோப்பில் பல நாள் வடியாமல் நின்றிருக்கிறது. பிறகு இளமரங்கள் இரண்டில் நடுக்குருத்து வெளிறி, லேசாக இழுத்ததுமே கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம். குருத்தழுகல்தான். பக்கத்து மரத்துக்குப் பரவுவதற்குள் மருந்து தயாரிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் செல்போனைத் திறந்தவருக்குத்தான் இந்தக் குழப்பம்.

கலவையின் அளவை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால், ‘யார் சொல்வதைக் கேட்பது?’ என்ற கேள்விக்கு இரண்டு வரி போதாது. “வீடியோவில் இப்படிச் சொன்னார்கள், சரியா?” என்று கேட்டு நமக்கு வரும் கடிதங்களும் அழைப்புகளும் கொஞ்சமல்ல. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் புதுச்சேரிக்கே வரச் சொன்னேன். இந்திரா காந்தி சிலை அருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பிளஸ் டூ படிக்கும் மகளையும் வண்டியில் கூட்டி வந்திருந்தார். “எனக்கு இங்கிலீஷ் வராது சார், அதான் பாப்பாவைக் கூட்டியாந்தேன்.”

ஒரே சரக்கு, நாலு பேர்

முதல் சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. நாம் மயில்துத்தம் என்கிறோம். மூட்டையில் காப்பர் சல்பேட் என்று எழுதியிருக்கும். நிறுவனம் வைத்த வியாபாரப் பெயர் வேறொன்று. வேதியியல் புத்தகத்தில் அது ஒரு குறியீடு. இதில் எந்தப் பெயரைப் போட்டுத் தேடுகிறோமோ, அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதியதுதான் வரும். வியாபாரப் பெயரைப் போட்டால் விற்கிறவர்கள் வருவார்கள். அதில் இணையத்தின் குற்றம் ஒன்றுமில்லை.

பூச்சிமருந்து என்றால், டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், சதவீதத்தோடும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளோடும் இருப்பதுதான் உண்மையான மருந்தின் பெயர். கடைக்காரர்கள் அதை ‘டெக்னிக்கல்’ என்பார்கள். தேட வேண்டியது அதைத்தான், சதவீதத்தையும் எழுத்துகளையும் சேர்த்து. உதாரணத்துக்கு இமிடாகுளோபிரிட். நம் நாட்டில் அது 17.8 எஸ்.எல். என்றும், 30.5 எஸ்.சி. என்றும், 70 டபிள்யூ.ஜி. என்றும் கிடைக்கிறது. ஒரு வீடியோவில் “இமிடாகுளோபிரிட் டேங்குக்கு இத்தனை மில்லி” என்று சொல்லிவிட்டு, எது என்று சொல்லாமல் போனால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. 17.8-க்குச் சொன்ன அளவில் 30.5-ஐ ஊற்றினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மருந்து போய்விடும்.

டப்பாவில் ‘டெக்னிக்கல்’ பெயரும் இல்லை, சி.ஐ.ஆர். என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லை என்றால், அதைப் பூச்சிமருந்து என்று வாங்காதீர்கள். எவ்வளவு பச்சை இலை படம் போட்டிருந்தாலும் சரி.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. உலகத்தில் பதிவான ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ‘கேஸ் எண்’ என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நமக்கு ஆதார் எண் மாதிரி. பெயர் எந்த மொழியில் இருந்தாலும் எண் மாறாது. நீலக் கற்களாக இருக்கும் மயில்துத்தத்துக்கு 7758-99-8. அதிலிருந்து நீர் முழுக்க நீக்கிய வெள்ளைப் பொடிக்கு 7758-98-7. இரண்டும் காப்பர் சல்பேட்தான், ஆனால் ஒன்றல்ல. நீலக் கல்லில் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. ஆகவே ஒரு கிலோ நீலக் கல்லில் சுமார் 255 கிராம்தான் செம்பு. வெள்ளைப் பொடியில் கிலோவுக்கு 400 கிராம் அளவுக்குச் செம்பு. போர்டோ கலவைக்குச் சொல்லும் அளவெல்லாம் நீலக் கல்லுக்குச் சொல்லும் அளவு.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ‘பப்கெம்’ தளத்தில். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 2004-ல் தொடங்கியது. கட்டணம் இல்லை. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் அதில் இருக்கின்றன. கேஸ் எண்ணைத் தட்டினால் போதும்: மாற்றுப் பெயர்கள், குறியீடு, நச்சுத்தன்மை, கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது வரை ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஆங்கிலம்தான், அதுவும் கொஞ்சம் கடினமான ஆங்கிலம். அதற்கு என்ன செய்யலாம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த கலவை

போர்டோ என்பது பிரான்சின் தென்மேற்கில் ஒரு ஊர். திராட்சைக்குப் பேர் போனது. அந்தப் பக்கத்து விவசாயிகள் சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்துவைப்பார்கள். பார்த்தால் விஷம்போலத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். 1882-ல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியாகப் போனபோது, சாலையோரக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கவனித்தார். வேதியியல் அறிஞர் கேயோனோடு சேர்ந்து சோதித்து, 1885-ல் முடிவை வெளியிட்டார். திருடனுக்குப் பயந்து தெளித்தது, நோய்க்கு மருந்தாகிவிட்டது. புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொத்துகளில் தோப்புக்குப் பயன்படுவது இதுதான் என்று வேடிக்கையாகச் சொன்னேன். வாசகர் சிரிக்கவில்லை. அவருக்கு மரம்தான் முக்கியம்.

சரி, கலவைக்கு வருவோம். ஒரு சதவீதக் கலவை 100 லிட்டருக்கு: ஒரு கிலோ மயில்துத்தம் 50 லிட்டர் தண்ணீரில். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தாளித்து, வடிகட்டி, இன்னொரு 50 லிட்டரில். வேளாண்மைப் பல்கலைக்கழகக் குறிப்புகளைத் திறந்து பார்த்தோம். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்ற வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆக, முதல் வீடியோக்காரர் சொன்னது சரி.

“ஏன் சார் அப்படி?” என்றது அந்தப் பெண். நல்ல கேள்வி. மயில்துத்தக் கரைசல் புளிப்புத் தன்மை கொண்டது. தனியாகத் தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்து, செம்பை மெல்லிய கூழ் போன்ற நீலப் படிவாக மாற்றுகிறது. அந்தப் படிவுதான் இலையில் ஒட்டிக்கொண்டு மழைக்கும் தாங்குகிறது. சுண்ணாம்பு நிறைய இருக்கும் இடத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்து விழுந்தால் படிவு மெல்லியதாக இருக்கும். மாற்றி ஊற்றினால் துகள் கொரகொரப்பாகி அடியில் தங்கும், நாசிலும் அடைக்கும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தெளித்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான். வைத்திருக்க வைத்திருக்க அந்தக் கூழ் கெட்டிப்படும்.

அடுத்து, பாத்திரம். பிளாஸ்டிக், மண், மரம் எதுவும் ஆகலாம், இரும்பு கூடாது. கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நன்றாகத் தேய்த்த கத்தியையோ ஆணியையோ கொஞ்ச நேரம் முக்கி எடுக்கச் சொல்வார்கள். செம்பழுப்புப் படலம் படிந்தால் செம்பு மிச்சம் இருக்கிறது, இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். படியாவிட்டால் சரி. இதைப் படித்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. “அப்பா, இது பத்தாவது புக்ல இருக்கு! இரும்பு ஆணியை காப்பர் சல்பேட்ல போட்டா பிரௌன் கலர் ஆகும். இரும்பு, செம்பைத் தள்ளிட்டு அது இடத்துக்கு வந்துடும்.”

ஆமாம், அதேதான். இரும்பு வாளி கூடாது என்பதற்கும், கத்தி சோதனைக்கும் காரணம் ஒன்றே. இணையத்தில் வேதியியலுக்கு நல்ல இடம் எது என்று தேடி வந்தவர்களுக்கு, விடை வீட்டுப் புத்தகப் பையில் இருந்தது. அந்தப் புத்தகமும் இணையத்தில் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களை எல்லாம் இலவசமாகத் தரவிறக்கத் தருகிறது. தமிழ்நாடு பாடநூல்களும் தமிழிலேயே அப்படிக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அமிலம், காரம், உப்பு என்று வரும் பாடத்தை ஒருமுறை படித்துவிட்டால், மண் பரிசோதனை அட்டையில் பாதி புரிந்துவிடும். இதை நான் பெரியவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

மரத்துக்கான வைத்தியத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழுகிய பகுதியை நல்ல திசு தெரியும்வரை சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தில் போர்டோ பசை பூச வேண்டும். 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டரில், இரண்டையும் கலந்தால் பசை. புதுக் குருத்து வரும்வரை மழை படாமல் பாலித்தீன் தாளால் மூடி வைக்க வேண்டும். சுற்றியுள்ள நல்ல மரங்களின் குருத்துப் பகுதிக்கு ஒரு சதவீதக் கலவையைத் தெளிக்கலாம். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் தளத்தில் தென்னை நோய்களுக்கு இப்படி ஒவ்வொன்றாகக் குறிப்புகள் கிடைக்கும். தென்னைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இணையத்தில் காகிதம் மஞ்சளாவதில்லை

பழைய புத்தகம் என்றால் தொட்டாலே தெரியும். இணையப் பக்கம் அப்படியில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பு எழுதியதும் நேற்று எழுதியதுபோல வெள்ளை வெளேரென்று நிற்கும். இதில்தான் ஆபத்து இருக்கிறது.

நெல்லுக்கும் வாழைக்கும் போரேட் குருணை போடச் சொல்லும் குறிப்புகள் இன்றைக்கும் தேடினால் வரும். போரேட், டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ், பாஸ்பாமிடான், அலகுளோர், டிரைகுளோர்பான் ஆகிய ஆறும் 2020 டிசம்பர் 31-லிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டவை. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு போட்ட உத்தரவு அது. அதே உத்தரவில் மெத்தில் பாரதியான், கார்பரில், டயசினான், பென்தியான் உள்ளிட்ட 12 மருந்துகள் உடனடியாகத் தடையாயின. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதமே நிறுத்திவிட்டது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை போட்டார்கள். அதற்கு முன்பு எழுதிய குறிப்பு எழுதிய நாளில் சரி. இன்றைக்கு அதைப் பின்பற்றினால் கத்தரிக்காய் சாப்பிடுகிற குழந்தைக்குக் கேடு.

இதைச் சரிபார்க்க ஒரே இடம்தான் இருக்கிறது: ஃபரிதாபாத்தில் இருக்கும் மத்திய பூச்சிக்கொல்லி வாரியம் மற்றும் பதிவுக் குழு. தாவரப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தளத்தில் இருக்கிறது. முகவரி பி.பி.கியூ.எஸ். டாட் ஜி.ஓ.வி. டாட் இன். தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் ஒன்று, ஒவ்வொரு மருந்தையும் எந்தப் பயிருக்கு எந்தப் பூச்சிக்குப் பயன்படுத்தலாம் என்ற பட்டியல் இன்னொன்று. இரண்டையும் செல்போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி வரைக்குமான பட்டியல் என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும்.

பயன்பாட்டுப் பட்டியலைப் பார்த்தால் முதலில் பயமாக இருக்கும். படிக்கப் பழகிவிட்டால் அதைவிடச் சுலபம் இல்லை. இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல்., நெல், தத்துப்பூச்சி என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எக்டேருக்கு உண்மையான மருந்து 20 முதல் 25 கிராம். டப்பாவில் இருக்கும் திரவமாக 100 முதல் 125 மில்லி. தண்ணீர் 500 முதல் 700 லிட்டர். கடைசிக் கட்டத்தில் 40 என்று இருக்கும். தெளித்த பிறகு அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாள்கள் அது. பலரும் பார்க்காமல் விடுவது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். கதிர் முற்றிய பிறகு “தத்து வந்துடுச்சு” என்று இதை அடிக்கிறவர்கள் அந்த 40-ஐ ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் இதிலும் ஒரு கேள்வி கேட்டது. “17.8 சதவீதம்னா 100 மில்லியில 17.8 கிராம்தானே சார் இருக்கணும்? 20-ன்னு போட்டிருக்கே?” அச்சுப் பிழை இல்லை. சதவீதம் எடைக்கு எடை. அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனம். 100 மில்லி எடுத்தால் சுமார் 112 கிராம் நிற்கும். அதில் 17.8 சதவீதம் என்றால் 20 கிராம். இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதைவிடப் பெரிய சொத்து வேறென்ன?

எக்டேர் என்றதும் பலர் மிரள்வார்கள். புதுச்சேரிக்காரர்கள் மிரளக் கூடாது. நம் பத்திரங்களில் எக்டேர், ஆர், சென்டியார் என்றுதானே இருக்கிறது, பிரெஞ்சுக் காலத்திலிருந்து? ஒரு எக்டேர் 100 ஆர். ஒரு ஏக்கர் 40 ஆர் சொச்சம். ஆகவே எக்டேருக்குச் சொன்னதை இரண்டரையால் வகுத்தால் ஏக்கருக்கு. மேலே சொன்ன 100 முதல் 125 மில்லி என்பது ஏக்கருக்கு 40 முதல் 50 மில்லி. அதற்கு மேல் ஊற்றினால் பூச்சிக்கு இல்லை, பணத்துக்குத்தான் சேதம். தேனீக்கும் சேதம். எந்த மருந்து தேனீக்கு, மீனுக்கு, மண்புழுவுக்கு எவ்வளவு கெடுதல், மண்ணில் எத்தனை நாள் நிற்கும் என்பதையெல்லாம் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் ஒரு தரவுத்தளமாகப் போட்டிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் காட்டுவதால் ஆங்கிலம் தெரியாமலே ஓரளவு புரியும்.

மச்சானின் தண்ணீர்ச் சீட்டு

இரண்டாவது டீ வந்தபோது வாசகர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கிருமாம்பாக்கம் பக்கம் விவசாயம் பார்க்கும் அவர் மச்சானுடைய ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு. கடல் பக்கம், உப்பேறும் தண்ணீர். மின்கடத்துத்திறன், அதாவது ஈ.சி., 2.4 என்று இருந்தது. “ஒண்ணுக்கு மேல போனா விவசாயத்துக்கே லாயக்கில்லன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களாம். போரை இன்னும் ஆழமா இறக்கலாமான்னு பாக்கறாரு. பணத்துக்குக் கடன் கேட்டுட்டு இருக்காரு.”

கடலோரத்தில் ஆழ்துளையை இன்னும் கீழே இறக்கினால் இன்னும் உப்பான தண்ணீரைத் தொடும் வாய்ப்பும் உண்டு. கடனும் போய், தண்ணீரும் போனால்? அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழித்தோம்.

முதலில் அலகு. 2.4 என்பது டெசிசீமன் கணக்கு. அதையே சில இடங்களில் மைக்ரோசீமன் கணக்கில் 2,400 என்று எழுதுவார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிறவர்கள் டி.டி.எஸ். கணக்கில் சொல்வார்கள். தோராயமாக 640-ஆல் பெருக்கினால் டி.டி.எஸ். வரும், அதாவது சுமார் 1,536. மூன்றும் ஒரே தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீருக்கான அளவைப் பாசனத்துக்கு வைத்துப் பயமுறுத்துவது வீடியோக்களில் அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, எந்தப் பயிருக்கு எவ்வளவு தாங்கும்? ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ. வெளியிட்ட ‘வாட்டர் குவாலிட்டி ஃபார் அக்ரிகல்ச்சர்’ என்ற நூல், வரிசை எண் 29, இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் அடிப்படை. 1985-ல் திருத்திய பதிப்பு அப்படியே இலவசமாக அவர்கள் தளத்தில் இருக்கிறது. பழசுதான், ஆனால் மருந்துத் தடைபோலப் பயிரின் உப்புத் தாங்கும் சக்தி அரசு உத்தரவில் மாறுவதில்லை. எது பழசானால் கெடும், எது கெடாது என்று பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும்.

அந்த அட்டவணைப்படி, பாசன நீரின் ஈ.சி. 2.0 வரை நெல்லுக்கு முழு விளைச்சல். 2.6-ல் 90 சதவீதம். நிலக்கடலைக்கு 2.1 வரை முழுசு, 2.4-ல் 90 சதவீதம், ஆனால் 3.3-ல் பாதியாகிவிடும். கடலை சட்டென்று விழுந்துவிடும், நெல் மெதுவாக இறங்கும். கரும்புக்கு 2.3-லேயே 90 சதவீதம்தான். பீன்ஸ் போன்ற பயறு வகைக்கு 2.4 என்றால் பாதி போச்சு. பருத்திக்கு 5.1 வரை கவலையே இல்லை. இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு: பாய்ச்சும் நீரில் ஒரு பகுதி வேருக்குக் கீழே வடிந்து உப்பைக் கழுவிக்கொண்டு போக வேண்டும். வடிகால் இல்லாத களிமண்ணில் இந்த எண்கள் பொருந்தாது.

ஆக, மச்சானின் தண்ணீர் செத்த தண்ணீர் அல்ல. நெல்லுக்கும் கடலைக்கும் பத்தில் ஒரு பங்கு போனாலும் மீதி நிற்கும். ஆழ்துளையை இறக்குவதற்கு முன்பு வடிகாலைச் சரிசெய்வதும், மழைக்காலத்தில் வயலில் நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பை இறக்குவதும் செலவு குறைந்த வழி. சீட்டில் ஆர்.எஸ்.சி. என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது 1.25-க்குள் என்றால் நல்லது, 2.5-ஐத் தாண்டினால் மண் இறுகும், ஜிப்சம் யோசிக்க வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை இணையத்தில் பார்த்துப் போடக் கூடாது. மண்ணையும் சேர்த்துப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். குரும்பாப்பேட்டில் இருக்கும் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்

டப்பாவில் இருக்கும் வண்ண முக்கோணத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரில் இருக்கிறது. பச்சை என்றால் ‘வீரியம் கம்மி, கொஞ்சம் கூட ஊத்தலாம்’ என்கிறார்கள். அந்த நிறம் பூச்சியைக் கொல்லும் சக்தியைச் சொல்வதில்லை, மனிதனுக்கான உடனடி விஷத்தன்மையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை.

யாருக்காவது மருந்து உடம்பில் ஏறி மயக்கம், வாந்தி, கண் பாவை சுருங்குதல் என்று ஏற்பட்டால், ஜிப்மருக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ ஓடும்போது டப்பாவையோ லேபிளின் படத்தையோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். இதற்குக் காரணமும் வேதியியல்தான். மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் அட்ரோபின் கொடுப்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிமருந்தே கிடையாது, வைத்தியம் வேறு மாதிரி. “ஏதோ பூச்சிமருந்து” என்று மட்டும் சொன்னால் டாக்டர் எதைக் கொடுப்பார்? டெல்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் இரவு பகலாக இயங்குகிறது. கட்டணமில்லா எண் 1800 116 117. டெக்னிக்கல் பெயரைச் சொன்னால் என்ன செய்வது என்று சொல்வார்கள். இந்த எண்ணை இப்போதே செல்போனில் ஏற்றிவிடுங்கள், தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

காலி டப்பாவை எதற்கும் பயன்படுத்தாதீர்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ்.

இங்கிலீஷ் வராவிட்டால்

தட்டச்சு வராதவர்கள் தேடல் பெட்டியில் இருக்கும் மைக்கை அழுத்திச் சொல்லலாம். நான் இங்கே தமிழில் எழுதியிருக்கும் பெயர்களை அப்படியே வாய்விட்டுச் சொன்னால் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. லேபிளின் சின்ன எழுத்தைக் கூகுள் லென்ஸால் படம் பிடித்தால் தமிழில் மாற்றியும் காட்டும். மருந்துக்குள் வைத்திருக்கும் துண்டுத்தாளில் தமிழிலும் எழுதியிருக்கும், அதைக் கசக்கி எறியாமல் வைத்திருங்கள். தமிழிலேயே படிக்க, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் இருக்கிறது. பயிர்வாரியாக நிறையக் கிடைக்கும். மருந்துப் பெயர் வந்தால் மட்டும் மேலே சொன்ன தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டதும் தமிழிலேயே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது வந்துவிட்டன. ஆங்கிலப் பக்கத்தின் பொருளைக் கேட்டுப் புரிந்துகொள்ள நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அளவை மட்டும் அதனிடம் கேட்டு டேங்கில் ஊற்றாதீர்கள். அது தவறாகச் சொல்லும்போதும் தயங்காமல்தான் சொல்கிறது. அளவு என்றால் லேபிள், இல்லாவிட்டால் பதிவுக் குழுவின் பட்டியல்.

எதுவும் பிடிபடவில்லையா? 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டருக்குத் தமிழிலேயே பேசலாம். தட்டாஞ்சாவடி வேளாண் துறை அலுவலகத்தில் நேரில் கேட்கலாம்.

வாசகரின் தோப்பில் அழுகிய இரண்டு மரங்களில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொன்றில் பாலித்தீனுக்கு அடியில் புதுக் குருத்து தெரிகிறது என்று போன வாரம் படம் அனுப்பியிருந்தார். சுற்றியுள்ள மரங்கள் நன்றாக இருக்கின்றன. கத்தி சோதனையை மகள்தான் செய்ததாம். முதல் தடவை பழுப்பு படிந்திருக்கிறது, இன்னும் இரண்டு சொம்பு சுண்ணாம்புப் பால் ஊற்றியிருக்கிறார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்து பற்றிக் கேள்வி அனுப்பும்போது டப்பாவின் லேபிளையும், தண்ணீர் அல்லது மண் பற்றி என்றால் பரிசோதனைச் சீட்டையும் படம் எடுத்து, நிலத்தின் அளவு, பயிரின் வயது இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். வீடியோ பார்த்துச் சந்தேகம் என்றால் அந்த வீடியோவின் இணைப்பையும் அனுப்பலாம்.